பன்னிரண்டெழுத்து

குருமண்வெளித் துறையில்
பாதை வரும்வரை நிற்போம்.
மற்ற ஊர்களில் பாதையில் ஆட்கள் போவார்கள்.
எங்களுக்குப் பாதையே வந்து ஏற்றிப்போகும்:
இரும்பு மிதவை, அதன்மேல் பலகை,
பலகைமேல் வரிசையாய் மோட்டார் சைக்கிள்கள்,
ஒவ்வொன்றின் பின்புறத்திலும்
எங்கோ ஒரு கந்தோர் கொடுத்த மூன்றெழுத்து.

விளையாட்டைத் தொடங்கியவள் பிறேமலோஜினி.
வெல்லாவெளியில் எனக்கு அடுத்த மேசை.
மூன்றெழுத்தும் அதே ஒழுங்கில் வரவேண்டும்,
இடையில் எது புகுந்தாலும் பாதகமில்லை,
நீளமான இங்கிலீஷ் சொல் வெல்லும்.
ஊர்ப்பேர், ஆள்பேர் செல்லாது.
போன் பைக்குள் இருக்கவேண்டும்.
மண்டூர்க் கரையில் பலகை இடித்தால்
ஆட்டம் முடிந்தது.

பி, எஃப், எல்.
ஒரு மீன் வியாபாரியின் பழைய பைக்.
பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர்
நம்பர் பிளேட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.
பட்டர்ஃபிளை என்றேன், ஒன்பது.
கையில் பிடித்துவிட்ட மாதிரி ஒரு பெருமை.
அவள் வாவியைப் பார்த்தபடியே
விரல்களை மடக்கினாள்.
பியூட்டிஃபுலி. பதினொன்று.
வியாபாரி எங்களைப் பார்த்துச் சிரித்தார்,
அவருடைய மீனைச் சொல்கிறோம் என்று.

அதன்பிறகு இரவில் இருந்து பாடமாக்கினேன்.
எந்தச் சொல்லைக் கண்டாலும்
பின்னால் ஒரு நெஸ், ஒரு மென்ட், ஒரு லி.
"வால நீட்டினா மாடு வளராது"
என்றாள் ஒருநாள்.
சரிதான். ஆனாலும் நீட்டினேன்.

மாசி மாதம், வேலை முடிந்து திரும்பும் நேரம்.
சூரியன் படுவான்கரைப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்க
நான் அவளிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன்.
எஞ்சின் நின்றது.
நடு வாவி. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.
"சரி, இத எடுங்க" என்று அவள் காட்டிய பிளேட்டில்
பி, ஈ, கியூ.

கியூ ஒரு கூச்சக்காரி,
யூவின் கையைப் பிடிக்காமல் வாசல் தாண்டாது.
தடவித் தடவி பிக்வீத் என்றேன். எட்டு.
மரண சாசனத்தில் எழுதிவைப்பது,
எஞ்சின் நின்ற தண்ணீரில் சொல்லக்கூடாத சொல்.
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
சப்சிக்குவென்ட்லி.
பன்னிரண்டு.

பைக்கின் சொந்தக்காரர் பூபாலப்பிள்ளை
யூரியா மூட்டைமேல் இருந்தார்.
"அதெண்டா என்னகா புள்ள?"
"அதைத் தொடர்ந்து... அதற்குப் பிற்பாடு..."
"மறுகா எண்டு சொல்லன்."

பாதை முழுக்கச் சிரித்தது.
எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த பொடியனும்.

மறுகா.
மூன்றெழுத்து. இந்த இரண்டு கரையிலும்
எந்தக் கதையும் அதை மிதிக்காமல் அடுத்த அடி வைக்காது.
வெள்ளம் வந்திச்சு, மறுகா.
ஆமி வந்தான், மறுகா.
மறுகா என்ன மறுகா,
மறுகாலும் விதச்சம்.

நீளமானது வெல்லுமா, சுருக்கமானதா என்று
ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள்.
நான் அதில் சேரவில்லை.
அவளுடைய பெயரை இங்கிலீஷில் எழுதினாலும்
பன்னிரண்டுதான்.
எப்போதோ எண்ணி வைத்திருந்தேன்.
ஆள்பேர் செல்லாது.

எஞ்சின் இரண்டுதரம் இருமிப் பிடித்துக்கொண்டது.
பலகை அதிர்ந்தது, யாரோ ஹெல்மெட்டைத் தேடினார்கள்.
அவள் என் பக்கம் திரும்பி,
"ஏதோ சொல்ல வந்தீங்களே.
மறுகா?"

நான் அவசரமாக
அடுத்த பைக்கின் பின்னால் குனிந்தேன்.
வயல்சேறு அப்பிக் காய்ந்து
ஓரெழுத்துத்தான் தெரிந்தது.
பி.
எல்லாப் பைக்கிலும் இருக்கிற அதே பி.
தமிழில் எழுதினால்
அவள் பெயரும் அதில்தான் தொடங்குகிறது.